தேடிய இடமும் தேடாத இடமும்: வறண்ட நிலத்தில் காணாமல் போனோரைத் தேடுதல்

வெட்டவெளியில் ஒருவர் காணாமல் போனால் அவரைத் தேடுவது யார் பொறுப்பு? எங்கே தொடங்குவது, எதை வைத்துத் தொடர்வது, எப்போது கைவிடுவது? ஒவ்வொரு காலமும் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. ஊர் கூடித் தேடியது. காவல்காரர் தடம் பார்த்தார். போலீஸ் நிலையம் வந்தபின் மனு எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கணித அறிஞர்கள் தேடலை நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார்கள். இப்போது ட்ரோனும் வாட்ஸ்அப் குழுவும் இருக்கின்றன. புதிய விடை வந்ததால் பழைய விடை மறைந்துவிடவில்லை. ஒரே ஊரில் ஒரே இரவில் இவற்றில் பலவும் சேர்ந்தே நடப்பதுண்டு.

இந்தப் பொருளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அமெரிக்க, ஆஸ்திரேலியப் பாலைவனங்களையும் பிரிட்டனின் மலைகளையும் பற்றியது. இந்தக் கட்டுரை பார்க்கும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி பாலைவனம் அல்ல. அம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. பங்குனி பிறந்தால் கண்மாய்கள் வெடிப்போடிக் கிடக்கும். குண்டாறு வெறும் மணலாகிவிடும். தரிசுகளைச் சீமைக்கருவேல் மூடியிருக்கும். கத்திரி வெயிலில் இந்தக் காட்டுக்குள் தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்ட முதியவரின் நிலை, பாலைவனத்தில் வழிதவறியவரின் நிலையிலிருந்து அதிகம் வேறுபடாது. ஆகவே வெளியில் எழுந்த விடைகள் இங்கே எவ்வளவு பொருந்தும், இங்குள்ள விடைகள் எங்கே தடுமாறுகின்றன என்பதைப் பார்ப்பதற்குக் கமுதி ஒரு நல்ல இடம்.

விசாரிப்பதும் குறி கேட்பதும்

மிகப் பழைய முறை, வழியில் வருகிறவர்களைக் கேட்பது. கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில், உடன்போன மகளைத் தேடி வரும் செவிலித்தாய் எதிரே வரும் துறவியரை நிறுத்தி விசாரிக்கிறாள். அவர்களும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இன்றைய தேடல் கையேடுகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன: கடைசியாக யார் பார்த்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் முகம் வைத்து. அந்த இடம் நிச்சயமானால்தான் மற்ற கணக்குகளுக்கு ஆதாரம் கிடைக்கும்.

இதன் பலவீனமும் பழையதுதான். ஆள் காணவில்லை என்ற செய்தி பரவியதும் பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பச்சை துண்டு போட்டவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவரும், அபிராமம் ரோட்டில் பார்த்தேன் என்று இன்னொருவரும் சொல்வார்கள். இருவரும் உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். முந்தைய நாள் பார்த்ததும் அன்று பார்த்ததும் மனதில் கலந்துவிடும். வாட்ஸ்அப் வந்தபின் இந்தத் தகவல்கள் வேகமாகவும் தொலைவிலிருந்தும் வருகின்றன. எந்தத் தகவலை யார், எப்போது சொன்னார் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைக்காவிட்டால் அவை தேடலைச் சிதறடிக்கவே உதவும்.

குறி கேட்பது, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது, சோதிடரிடம் திசை கேட்பது ஆகியவை இதன் அடுத்த படி. இவற்றைச் சரிபார்க்க வழியில்லை. 'கிழக்கே, தண்ணீர் உள்ள இடத்தில் இருக்கிறார்' என்ற வாக்கு கண்மாய்கள் நிறைந்த மாவட்டத்தில் எங்கும் பொருந்தும். ஆனாலும் இப்படிப் போகும் குடும்பத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அடுத்து என்ன செய்வது என்று வேறு யாரும் வழி சொல்லாத நேரத்தில்தான் பெரும்பாலும் அவர்கள் அங்கே போகிறார்கள். கவலைப்பட வேண்டியது ஒன்றுதான்: திசை சொல்லப்பட்ட மறுகணம் ஆட்கள் அனைவரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், மற்ற மூன்று பக்கமும் ஆளில்லாமல் கிடக்கிறது.

தடம் பார்க்கிறவர்கள்

இரண்டாவது விடை தடம். தென்னாட்டுக் காவல் முறையில் களவு போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவது, இல்லாவிட்டால் அதற்கு ஈடு கொடுப்பது காவல்காரர் கடமையாக இருந்தது. துப்புக்கூலி என்று ஒரு தொகையும் இருந்தது. குளம்படியும் காலடியும் படிக்கத் தெரியாமல் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. பஞ்சாபில் ஆங்கில அரசு இதையே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தது: தடம் ஓர் ஊரின் எல்லைக்குள் போனால் அவ்வூரார் தேடலுக்குத் துணை நிற்க வேண்டும். தேடுவது ஊரின் கடமை என்ற பழைய கருத்துக்குக் கிடைத்த அரிய சட்ட வடிவம் அது.

தடம் படிப்பவர்களின் ஆற்றலுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு ஆஸ்திரேலியாவில் 1864இல் நடந்தது. விக்டோரியா மாநிலத்தின் விம்மெரா புதர்க்காட்டில் மூன்று குழந்தைகள் வழி தவறினர். குடியேறிகள் பலர் நாள்கணக்கில் தேடியும் பயனில்லை. கடைசியில் பூர்வகுடித் தடம் பார்ப்போர் அழைத்துவரப்பட்டனர். ஒன்பதாம் நாள் குழந்தைகள் உயிருடன் கிடைத்தனர். நம் நாட்டில் குஜராத் எல்லையின் ரண்சோட் பகி 1965, 1971 போர்களில் காலடியைப் படித்து ராணுவத்துக்கு வழிகாட்டியவர். எல்லைப் பாதுகாப்புப் படையின் முகாம் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவர் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். அங்கே கருவிகளோடு தேடியவர்களுக்கு அகப்படாதவை இவர்கள் கண்ணுக்கு அகப்பட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த விடையின் கவர்ச்சி பெரிது. ஆனால் தடம் நிலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. மழைக்குப் பின் கரிசலில் பதிந்த காலடி காய்ந்து அப்படியே நிற்கும். கோடையில் வெடித்த கரிசலில் ஒன்றும் பதியாது. வண்டிப்பாதையின் புழுதியில் தெளிவாகத் தெரியும், காற்று கிளம்பும் வரை. ஒரு கிடை ஆடு கடந்து போனால் அதுவும் போயிற்று. எல்லாவற்றையும் விட, தேட வருகிற ஐம்பது பேரின் காலடிகள்தான் தடத்தை முதலில் அழிக்கின்றன. விம்மெராவிலும் முதலில் வந்தவர்கள் தடம் தெரிந்தவர்களாக இருந்திருந்தால் ஒன்பது நாள் ஆகியிருக்குமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

இன்னொரு சங்கடம் வரலாறு தந்தது. காவல் முறையை ஆங்கில அரசு படிப்படியாக ஒழித்து 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் காவல் மரபு கொண்ட சமூகங்கள் சிலவற்றைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க வைத்தது. கமுதி வட்டாரத்து அப்பநாட்டு மறவரும் அதில் அடக்கம். மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. தடம் படிக்கும் அறிவு இங்கே தேய்ந்ததற்கு இது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் மோட்டார் சைக்கிள் வந்ததும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். ஆனால் இரவில் வெளியே நடமாடுவதே சந்தேகத்துக்குரியது என்று ஆக்கப்பட்ட மக்களிடையே இரவில் தடம் பார்க்கும் கலை வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

கணக்குப் போட்டுத் தேடுதல்

மூன்றாவது விடை கடலில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்டு கூப்மன் என்ற கணித அறிஞரும் அவரது சகாக்களும் செய்த வேலை 1946இல் தேடல் கோட்பாடாக எழுதப்பட்டது. அதன் சாரம் எளியது. ஓரிடத்தில் ஆள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று. அங்கே இருந்தால் நம் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. ஆகவே 'அங்கே தேடியாகிவிட்டது, இல்லை' என்ற வாக்கியத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. தேடிய இடத்தின் வாய்ப்பு குறையும், பூஜ்யமாகாது. அதற்கேற்ப மற்ற இடங்களின் வாய்ப்பு கூடும்.

2009 ஜூனில் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் இதற்குச் சான்று. பல சுற்றுத் தேடல்கள் தோற்றபின், எங்கெங்கே எவ்வளவு நன்றாகத் தேடப்பட்டது என்பதை மறுகணக்குப் போட்டார்கள். கறுப்புப் பெட்டிகளின் ஒலிக்கருவி வேலை செய்திருக்காது என்ற சாத்தியத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். முன்பே தேடி இல்லை என்று விட்டுவிட்ட பகுதிக்கு வாய்ப்பு மீண்டும் ஏறியது. 2011 ஏப்ரலில் சிதைவுகள் அங்கேதான் கிடைத்தன.

தரைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாடு உண்டு. காணாமல் போகிற மனிதர் நடக்கிறார், யோசிக்கிறார், பயப்படுகிறார். 1976இல் வில்லியம் சைரோடக், பின்னர் 2008இல் ராபர்ட் கோஸ்டர் ஆகியோர் பழைய தேடல்களைத் தொகுத்து, யார் எப்படித் தொலைகிறார்கள் என்று வகை பிரித்தனர். மறதிநோய் உள்ள முதியவர் பெரும்பாலும் தொலைவு போவதில்லை. ஏதாவது தடுக்கும் வரை நடக்கிறார்; புதரிலோ ஓடையிலோ சிக்கி அங்கேயே நிற்கிறார்; பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் குரல் கொடுப்பதில்லை. சிறு குழந்தை ஒளிந்துகொண்டு தூங்கிவிடுகிறது. சூரியனோ நிலவோ தெரியாவிட்டால் மனிதர்கள் தாம் நேராக நடப்பதாக நம்பிக்கொண்டு வட்டமடிக்கிறார்கள் என்பதை யான் சௌமன் குழுவினர் ஜெர்மனியின் காட்டிலும் துனீசியாவின் சகாராவிலும் சோதித்து 2009இல் வெளியிட்டனர்.

தொலைந்தவரின் மனதைப் படிப்பதற்கு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் நடந்தது தனித்து நிற்கிறது. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று அங்கே மறைந்தது. டயர்கள் போன வண்டி அக்டோபரில் கிடைத்தது. சுற்றிலும் பெரிய தேடல் நடந்தும் ஆட்கள் கிடைக்கவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, தன்னார்வ மலை மீட்புக் குழு ஒன்றைச் சேர்ந்த இருவர் வேறு கேள்வி கேட்டனர்: ஐரோப்பாவில் வளர்ந்தவர் ஒருவர் வரைபடத்தில் ராணுவப் பகுதி என்ற எழுத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வேலி இருக்கும், காவலர் ரோந்து வருவார், உதவி கிடைக்கும் என்று நினைப்பார். உண்மையில் அங்கே வெறும் பாலைதான். அந்த ஊகத்தின்படி தெற்கே நடந்து பார்த்தபோது 2009 நவம்பரில் எலும்புகள் கிடைத்தன. தொழில்முறைத் தேடல் தோற்ற இடத்தில் தன்னார்வலர் வென்றனர் என்று இதைச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. முதல் தேடலில் எந்தப் பகுதி பார்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்ற பதிவுகள் இருந்ததால்தான் இரண்டாம் முறை வந்தவர்கள் வேறு பக்கம் போக முடிந்தது.

இந்தக் கோட்பாட்டின் குறை, அதன் தரவு. தொகுக்கப்பட்ட நிகழ்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நடந்தவை. அங்கே தொலைகிறவர் மலையேறி, வேட்டைக்காரர். இங்கே தொலைகிறவர் ஆடு மேய்ப்பவர், விறகுக்குப் போனவர், ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துவரப்பட்ட மனநலம் பாதித்தவர், இராமேசுவரத்துக் கூட்டத்தில் கை விட்டுப்போன பாட்டி. இவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள், எந்த நிழலில் உட்காருவார்கள் என்பதற்கு நம்மிடம் அட்டவணை இல்லை.

கருவேலங்காட்டுக்குள்

இந்த மூன்று விடைகளையும் கமுதியின் தரையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முள்ளில் சிக்குகிறது.

பொழுது சாய்ந்து ஆடுகள் மட்டும் ஊர் திரும்பினால் இங்கே தேடல் தொடங்கிவிடும். கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். பையன்கள் மோட்டார் சைக்கிளில் நான்கு பக்கமும் கிளம்புவார்கள். பெரியவர்கள் டார்ச்சோடு கண்மாய்க் கரைக்கும் ஊருணிக்கும் போவார்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளைக் குனிந்து பார்ப்பார்கள். முதல் சில மணி நேரத்துக்கு இதைவிட வேகமான ஏற்பாடு எந்த அரசிடமும் இல்லை. இந்த வட்டாரத்தில் ஆள் காணாமல் போனால் தேட ஆள் கிடைப்பது ஒரு பிரச்சினையே அல்ல.

பிரச்சினை காட்டுக்குள் நுழைந்தபின் வருகிறது. சீமைக்கருவேல் விறகுக்காகப் பரப்பப்பட்டு மாவட்டத்தையே பிடித்துக்கொண்ட மரம். கரி வியாபாரத்துக்காக வெட்டுகிறார்கள். வெட்டிய தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளை வெடித்து, இடுப்பு உயரத்திலிருந்தே பின்னிக்கொண்டு வளர்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டு விழுவதால் ஒரு புஞ்சை இந்த ஆண்டு வெட்டவெளி, அடுத்த புஞ்சை புகமுடியாத புதர். பழைய செயற்கைக்கோள் படத்தை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். வரிசையாகக் கைகோத்தாற்போல் நடந்து வாருங்கள் என்ற பாடநூல் முறை இங்கே ஐந்து நிமிடத்தில் உடைந்துவிடும். ஆட்கள் தம்மை அறியாமல் ஆட்டுத்தடத்துக்கு ஒதுங்குவார்கள். பத்துப் பேர் ஒரே தடத்தில் முன்பின்னாக வெளியே வந்து 'காட்டைச் சலித்துவிட்டோம்' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தடத்துக்கு நாலு முழம் தள்ளிப் படுத்திருப்பவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். தடுக்கும் வரை நடந்து புதரில் சிக்கிக்கொள்ளும் முதியவர் பதில் குரலும் கொடுக்காதவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ட்ரோன் இதைத் தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெட்டவெளியிலும் கண்மாய்ப் பரப்பிலும் அது பெரிய உதவிதான். ஆனால் கருவேல் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரம்; மேலிருந்து தரை தெரியாது. வெப்பத்தைப் பார்க்கும் கேமராவுக்கும் சிக்கல் உண்டு. கோடை நண்பகலில் தரை மனித உடலைவிடச் சூடாகிவிடுவதால் ஆள் தனித்துத் தெரியமாட்டார். விடியற்காலைதான் அதற்கு ஏற்ற நேரம். அப்போதும் இரவெல்லாம் புகைந்த கரிமூட்டங்கள் ஆங்காங்கே ஒளிர்ந்துகொண்டிருக்கும். எது மூட்டம், எது மனிதர் என்பதை ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும். மோப்ப நாய்க்கும் வறண்ட சூடான காற்று சாதகமில்லை.

கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் பத்துச் சதுர கிலோமீட்டரில் நிலத்தின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. தேடல் கோட்பாட்டில் நீண்ட வேலி முக்கியமானது, வழி தவறியவர் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கக்கூடும் என்பதால். பழைய வண்டிப்பாதையை மனதில் வைத்து நடக்கும் முதியவர் புதிய வேலியில் முட்டினால் எந்தப் பக்கம் திரும்புவார்? இதற்கு ஊகம்தான் சொல்ல முடியும். ஆனால் தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு எட்வர்டு அடால்ஃப் 1947இல் வெளியிட்ட பாலைவன உடலியல் ஆய்வு இன்றும் ஆதாரமாக எடுத்தாளப்படுகிறது. அதன்படி, பகல் வெப்பம் 49 டிகிரி செல்சியஸ் தொடும் இடத்தில் தண்ணீரின்றி நிழலில் அசையாமல் இருப்பவருக்குச் சுமார் இரண்டு நாள். 38 டிகிரியில் சுமார் ஐந்து நாள். ஆனால் அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஆரோக்கியமான இளம் வீரர்கள். எழுபது வயதில், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, நடந்து களைத்தபின், இந்தக் கெடு பெருமளவு சுருங்கும் என்றே கொள்ள வேண்டும்.

தன்னார்வலர் பற்றிய சச்சரவு

தன்னார்வலர் வேண்டுமா என்ற கேள்வியில் மூன்று தரப்புகள் தெரிகின்றன. முதல் தரப்பு, இடத்தை அறிந்தவரே தேட வேண்டும் என்பது. இதன் பக்கம் தமிழ்நாட்டு அனுபவம் வலுவாக நிற்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிதறிய மலையேற்றக் குழுவினரை முதலில் எட்டியவர்கள் சுற்றுவட்டார மக்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் நூற்றுக்கணக்கில் காணாமல் போனபோது, மீனவர்களே தம் விசைப்படகுகளில் கிளம்பி உயிரோடு இருந்தவர்களையும் உடல்களையும் கொண்டுவந்தனர். அரசுக் கப்பல்கள் கரைக்கு அருகே தேடுகின்றன, எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருக்கிறார்கள் என்பதே அவர்கள் வாதம். காற்றும் நீரோட்டமும் கவிழ்ந்த படகை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு மீனவர்கள் தேடும் கப்பல்களில் ஏற்றிக்கொள்ளப்பட்டனர். வானூர்தியும் கப்பலும் நூற்றுக்கணக்கானோரை மீட்டன என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் பாடம். மறு ஆண்டு கேரள வெள்ளத்தில் மீனவர் படகுகள் செய்த வேலை அதை உறுதிப்படுத்தியது.

இரண்டாம் தரப்பு, கூட்டம் கெடுத்துவிடும் என்பது. தடம் அழிகிறது, குற்றம் நடந்திருந்தால் சாட்சியம் அழிகிறது, தேடப் போனவரே வெயிலில் விழுகிறார் அல்லது கிணற்றில் விழுகிறார். போலீஸார் இதைச் சொல்லும்போது தட்டிக்கழிப்பதாகத் தோன்றலாம். ஆனால் வாதத்தில் உண்மை இருக்கிறது. காணாமல் போனவரைப் பற்றி ஊரில் முன்விரோதம், நிலத்தகராறு, காதல் விவகாரம் ஏதேனும் இருந்தால் தேடுகிறவர்களில் ஒருவரே மறைக்கிறவராகவும் இருக்கக்கூடும்.

மூன்றாம் தரப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வக் குழு. இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்புக் குழுக்கள் முழுக்கத் தன்னார்வலர்களால் ஆனவை. கூப்பிடுவது போலீஸ், பொறுப்பும் போலீஸுடையது, வேலை தன்னார்வலருடையது. சவூதி அரேபியாவில் பாலையில் வண்டி ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் சேர்ந்த இன்ஜாத் என்ற தன்னார்வ அமைப்பு மணற்காட்டில் தொலைந்தவர்களைத் தேடுகிறது. அந்தப் பாலைக்கும் இராமநாதபுரத்துக்கும் ஒரு வகையில் தூரம் அதிகமில்லை. இந்த மாவட்டத்து வீடுகளில் பல வளைகுடா வருமானத்தில் எழுந்தவை. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் உடன் சென்றவரும் சவூதியின் ரப்அல்காலிப் பாலையில் வழிகாட்டிக் கருவி செயலிழந்து, எரிபொருள் தீர்ந்து, வண்டிக்கு அருகிலேயே இறந்து கிடந்தனர்.

குழுவாக இருந்தாலும் எல்லை உண்டு. கலிபோர்னியாவின் ஜோஷுவா மரப் பூங்காவில் 2010 ஜூனில் நடைபயணி ஒருவர் மறைந்தார். அரசுத் தேடல் முடிந்தபின் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். நடந்த ஒவ்வொரு வழியையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்து ஒரே வரைபடத்தில் சேர்த்தார்கள். அவருடைய போன் ஒருமுறை கோபுரத்தோடு தொடர்பு கொண்ட தொலைவும் தெரிந்திருந்தது. அப்படியும் 2022 பிப்ரவரியில் மலையேறிகள் கண்ணில் பட்டபோதுதான் எச்சங்கள் கிடைத்தன. பதிவு இருந்தால் கிடைத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. பதிவு இருந்ததால் எங்கெங்கே ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிறவர்கள், அரசையே சந்தேகிக்கும் குடும்பங்கள். சிலியில் பினோஷே ஆட்சியில் மறைக்கப்பட்டவர்களை அட்டகாமா பாலையில் மண்வெட்டியோடு தேடிய கலாமா பெண்கள், மெக்சிகோவின் சோனோராவில் மகன்களைத் தேடும் தாய்மார்கள், 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் ஆகியோருக்கு 'போலீஸ் தலைமையில் தன்னார்வலர்' என்ற தீர்வு பொருளற்றது. தேடலின் நல்ல வடிவம் எது என்பது, தேடலை நடத்தும் அதிகாரத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

சட்டத்தில் விழுந்த இடைவெளி

24 மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்ற பேச்சு போலீஸ் நிலையங்களில் இன்னும் கேட்கிறது. அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை, புகார் வந்ததும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. பெரியவர் காணாமல் போனால் அவ்வளவு அவசரம் காட்டப்படுவதில்லை. கத்திரி நாள்களில் ஓர் இரவு தாமதம் என்னவாகும் என்பதை அடால்ஃபின் அட்டவணை சொல்கிறது.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசியப் பேரிடர் மீட்புப் படையைத் தந்தது. அதன் ஒரு பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. பின்னர் வந்த ஆப்த மித்ரா திட்டம் மாவட்டங்களில் தன்னார்வலருக்குப் பயிற்சியும் காப்பீடும் கொடுக்கிறது. ஆனால் அச்சட்டம் பேரிடர் என்று சொல்வது ஒரு சமூகத்தின் தாங்கும் திறனை மீறிய அழிவை. ஒரே ஒரு மேய்ப்பர் திரும்பாதது அதில் வராது. கடலில் என்றால் கடலோரக் காவல்படைக்குத் தேடி மீட்கும் பொறுப்பு தெளிவாக இருக்கிறது. மண்டபத்தில் நிலையமும் இருக்கிறது. தரையில் அதே பொறுப்பு போலீஸுக்கும் தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கும் ஊருக்கும் இடையில் எழுதப்படாமல் கிடக்கிறது. காப்பீடு இல்லாமல் காட்டுக்குள் போகிற ஊர்ப் பையனுக்குப் பாம்பு கடித்தால் யார் பொறுப்பு என்பதற்கும் விடையில்லை.

கண்டுபிடிக்கப்பட்டும் பெயர் தெரியாமல் இருப்பவர்கள் இதன் மறுபக்கம். சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன், 2021இல் சென்னைப் போலீஸ் தொடங்கிய காவல் கரங்கள் போன்றவை தெருவில் கிடந்தவரைக் குடும்பத்தோடு சேர்க்கின்றன. ஏர்வாடி, இராமேசுவரம் போன்ற இடங்களுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து சேர்வதால், இந்த மாவட்டத்தில் தேடலின் ஒரு பகுதி காட்டில் அல்லாமல் தர்கா வாசலிலும் கோயில் வீதியிலும் நடக்க வேண்டியிருக்கிறது.

தெளியாதவை

இதுவரை பார்த்தவற்றை வைத்து எச்சரிக்கையோடு சில சொல்லலாம். ஆட்களின் எண்ணிக்கை தேடலின் வெற்றியைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. கருவியும் தனித்து நின்று தீர்மானிப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் கடைசியாகப் பார்த்த இடத்தைச் சுற்றித் தடம் மிதிபடாமல் காத்தது, யார் எந்தப் பக்கம் போனார் என்று ஒருவர் ஊரில் உட்கார்ந்து எழுதியது, நடந்த வழியைக் கைபேசியிலேயே பதிந்தது ஆகிய எளிய செயல்களே பல நிகழ்வுகளில் பின்னால் வந்தவர்களுக்கு உதவியிருக்கின்றன. கமுதியில் இதற்குத் தேவையானவை எல்லாம் ஏற்கெனவே உள்ளன. இது பணம் கேட்கும் வேலையும் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம், அதை வைத்திருக்க ஊர் ஒப்புக்கொண்ட ஒருவர் போதும்.

மற்றவை திறந்தே கிடக்கின்றன. கருவேலங்காட்டில் நடந்து போகிறவர் கண்ணுக்கு இருபுறமும் எத்தனை அடி வரை ஆள் தெரியும் என்று அளந்தால் மட்டுமே கூப்மனின் கணக்கை இங்கே போட முடியும். வட அமெரிக்கக் காடுகளில் அப்படி அளந்திருக்கிறார்கள். இங்கும் ஒரு கல்லூரி மாணவர் குழு பொம்மைகளை மறைத்து வைத்து அளந்துவிடலாம். ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளிடமும் கரிமூட்டம் போடுகிறவர்களிடமும் எஞ்சியிருக்கும் தட அறிவு எவ்வளவு, அதைப் போலீஸ் ஏற்குமா என்பதும் தெரியவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதே எல்லாவற்றிலும் கடினமானது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். ஒக்கியில் மறைந்த மீனவர் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. புயலும் கடலும் போதிய சான்றாக ஏற்கப்பட்டன. தரையில் மறைந்தவரின் மனைவி விதவை உதவித்தொகைக்கோ வங்கிப் பணத்துக்கோ போகும்போது கையில் இருப்பது 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற ஒருவரிச் சான்று. எந்தக் கண்மாய், எந்தக் காடு, எத்தனை பேர், எந்தத் தேதி என்ற விவரம் அதில் இருப்பதில்லை. அந்த விவரம் இருந்தால் நீதிமன்றம் ஏழு ஆண்டு முடியும் முன்பே வேறு முடிவுக்கு வருமா என்பது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய ஒன்று.